கூரையையும் சேர்த்து எண்ணுங்கள்



விடியற்காலையில், இருட்டு விலகும் முன்பே, ஜொகூர் பாரு சோதனைச்சாவடியில் மோட்டார் சைக்கிள்கள் வரிசைபிடித்து நிற்கின்றன. எல்லாரும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். அந்த வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் பலரின் தாத்தா பாட்டிகளும் இதே நேரத்துக்குத்தான் எழுந்தார்கள். அவர்கள் போனது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்கு. குளுவாங்கிலும் ரெங்கத்திலும் கூலாயிலும் பால்மரம் வெட்டியவர்கள் அவர்கள்.

பட்டணத்தில் வேலை நிச்சயமில்லை என்று தெரிந்தும் மக்கள் ஏன் ஊரைவிட்டுப் போகிறார்கள்? 1970இல் ஜான் ஹாரிஸ், மைக்கேல் தொடாரோ என்ற இரு பொருளியல் அறிஞர்கள் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். ஊரில் 500 வெள்ளி, பட்டணத்தில் 1,500 வெள்ளி, ஆனால் அங்கே இருவரில் ஒருவருக்குத்தான் வேலை என்று வைத்துக்கொள்வோம். பாதி வாய்ப்பென்றாலும் 750 வெள்ளிக்குச் சமம். அது 500ஐவிட அதிகம். அதனால் புறப்படுகிறார்கள் என்றார்கள்.

சொந்தக் குடிசையும் துண்டு நிலமும் உள்ள விவசாயிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். பட்டணம் கைவிட்டால் அவன் ஊர் திரும்பலாம். நம் தோட்டத் தொழிலாளிக்குத் திரும்ப இடமேது? லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, கோயில் எல்லாமே தோட்டத்து மண்ணில்தான் இருந்தன. வேலை போனால் வீடும் போயிற்று. தோட்டத் தொழிலாளர்களில் பலர் பட்டணத்தைத் தேடிப் போகவில்லை. தோட்டம் அவர்களை வெளியேற்றியது.

1957இல் மலாயாவுக்கு விடுதலை கிடைத்ததையொட்டி, வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்றார்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராக 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படித்தான் நம் கைக்கு வந்தது. அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது எத்தனை வேளைச் சோறு! அந்த மக்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு ஆள் குறைவாகவே தேவை. ஜொகூர் பாருவைச் சுற்றிய தோட்ட நிலங்களில் தாமான் என்னும் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 1977இல் பாசிர் கூடாங்கில் துறைமுகமும் திறந்தது.

பட்டணத்துக்கு வந்த குடும்பத்தின் கையில் காசு கூடியது உண்மை. செலவு கூடியதையும் பாருங்கள். தோட்டத்தில் வாடகை இல்லை. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் கத்தரியும் கோழியும் இருந்தன. பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு அம்மாவும் மரம் வெட்டப் போனாள். அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபின் கீரைக்கும் காசு கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் பல வீடுகளில் அம்மா வேலையை விட்டாள். இரண்டு சம்பளம் ஒன்றானது. இந்த இழப்பு எந்தச் சம்பளச் சீட்டிலும் ஏறவில்லை.

இப்போது பேரப்பிள்ளைகள் சிங்கப்பூர்ப் பாலம் கடக்கிறார்கள். 1973வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமம். இன்று ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல். போகாதே என்று யார் சொல்ல முடியும்? ஆனால் வேலை அனுமதிச் சீட்டில் போகும் மலேசியருக்கு அங்குள்ள முதலாளி சேமநிதி கட்டுவதில்லை. இருபது வருடம் உழைத்தாலும் முதுமைக்கென்று தனியே ஒன்றும் சேராது.

தம்பி தங்கைகளே, அங்கே வேலை செய்தாலும் நம் நாட்டு ஊழியர் சேமநிதியில் நீங்களாகவே பணம் போடலாம். இந்த மாதமே தொடங்குங்கள். இன்னும் தோட்டத்தில் குடியிருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, நிலம் கைமாறப்போகிறது என்று காதில் விழுந்தால் நட்டஈட்டுத் தொகையை மட்டும் பேசாதீர்கள். மாற்று வீடு எங்கே, எப்போது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.