காசை வைக்கும் முன் நாடி பாருங்கள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)





டொக்டரைப் பேச அழைத்தால் சீனி வருத்தத்தைப் பற்றித்தான் சொல்வார் என்று எண்ணியிருப்பீர்கள். இன்று நான் பேசுவது நாம் காசை வைக்கும் இடத்தின் சுகத்தைப் பற்றி.

மருதமுனை முதல் பொத்துவில் வரை பெண்பிள்ளைக்கு வீடு வளவு கொடுப்பது நமது வழக்கம். அதற்கான காசு வயலிலிருந்தும், கடையிலிருந்தும், மத்திய கிழக்கிலிருந்தும் வந்து சில வருடங்கள் வைப்பில் இருக்கிறது. அந்த இடம் சரிந்தால் ஒரு பிள்ளையின் வாழ்வே தள்ளிப்போகிறது.

2008 டிசம்பரில் கோல்டன் கீ என்ற கடனட்டைக் கம்பனி சரிந்தது. வைப்பாளர்களின் சுமார் 26 பில்லியன் ரூபா சிக்கிக்கொண்டது. மக்களிடம் வைப்புப் பெற அதற்கு மத்திய வங்கியின் உரிமம் இருக்கவில்லை. அதே செலிங்கோ குழுமத்தோடு தொடர்புடைய செலான் வங்கியிலும் மக்கள் காசெடுக்க முண்டியடித்தார்கள். அது உரிமம் பெற்ற வங்கி. மத்திய வங்கி தலையிட்டு நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் ஒப்படைத்தது. செலான் வங்கி பிழைத்து இன்றும் இயங்குகிறது.

ஆகவே முதற்கேள்வி, உரிமம் உண்டா என்பதே. மத்திய வங்கியின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது.

உரிமம் மட்டும் போதாது. உரிமம் பெற்றிருந்த த பினான்ஸ் கம்பனியின் உரிமம் 2020 மே மாதம் இரத்தானது. ஆகவே மூன்று அளவுகளைப் பாருங்கள். ஒன்று, மூலதனப் போதுமை விகிதம். நட்டம் வந்தால் உங்கள் வைப்புக்கு முன்னால் நின்று அடிவாங்கும் சொந்தக் காசு இது. வங்கிகளுக்குக் குறைந்தது 12.5 வீதம் வேண்டும். இரண்டு, திரும்பி வராத கடன்களின் வீதம். இது ஏறுகிறதா, இறங்குகிறதா? மூன்று, திரவத்தன்மை, நெருக்கடியான 30 நாட்களைச் சமாளிக்கக் கையில் காசு உண்டா? வங்கிகள் காலாண்டுக்கு ஒருமுறை இவற்றைப் பத்திரிகைகளில் வெளியிடுகின்றன. ஒரு இரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து நாங்கள் முடிவு சொல்வதில்லை. நீங்களும் நான்கு காலாண்டுகளை ஒப்பிடுங்கள்.

நம் ஊர்களுக்கென்றே ஒரு வார்த்தை. 2011இல் அமானா வங்கி தொடங்கியதிலிருந்து ஹலாலான வங்கிச் சேவைக்கு உரிமம் பெற்ற வழி இருக்கிறது. முழாரபாவில் இலாபம் பங்கிடப்படும். இவ்வளவு வரும் என்று முன்கூட்டியே உறுதி தரப்படுவதில்லை. எனவே “ஹலால் முதலீடு, மாதாமாதம் நிச்சய இலாபம்” என்று எவராவது வீட்டுக்கு வந்தால், மார்க்கப்படியும் அது பிழை, கணக்குப்படியும் சந்தேகம். வந்தவர் சொந்தக்காரர் என்பது உரிமம் ஆகாது.

உரிமம் பெற்ற நிறுவனங்களின் வைப்புகளுக்குக் காப்புறுதி உண்டு. 2021இல் அதன் உச்சவரம்பு ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட காசை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

வெளிநாடுகளில் வாழும் சகோதரிகளே, உம்மாவின் பெயரில் நீங்கள் அனுப்பும் காசு எங்கே இருக்கிறது என்று இந்த வாரமே கேளுங்கள். பற்றுச்சீட்டில் உள்ள பெயரை மத்திய வங்கியின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் இந்தப் பாடசாலை நமக்குக் கற்றுத்தந்தது இதற்காகவும்தான்.