திரையில் ஒரு கைதான் எழுத வேண்டும்



இலக்கியக் கூட்டத்தில் ஒரு நர்ஸ் கணினி நிரலைப் பற்றிப் பேசலாமா என்று ஒருவர் கேட்டார். இரவுப் பணியில் நோயாளிகளின் மருந்தும் ரத்தப் பரிசோதனை முடிவும் எனக்குத் திரையில்தான் வருகின்றன. அது உறைந்து நின்றால் என் கையும் நின்றுவிடும். அதனால்தான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

நாம் வாழும் ஜெர்மனிக்கும் இதில் பங்குண்டு. 1996 அக்டோபர் 14 அன்று, டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ என்ற திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸ் கணினிகளைச் சாதாரண மனிதரும் எளிதாகக் கையாள ஒரு திரைமுகப்பு வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது, நார்வேயில் பிறந்த க்யூட் என்ற மென்பொருள் கருவி.

க்யூட்டில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஒரு நிரலுக்குள் பல இழைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். ஆனால் பிரதான இழை மட்டுமே திரையைத் தொடலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே மருந்துச் சார்ட்டில் எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், விதி புரியும்.

பிரதான இழைக்குள் ஒரு சுழற்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. விசை அழுத்தப்பட்டதா, எதையாவது வரைய வேண்டுமா என்று பார்த்து ஒவ்வொன்றாக முடிக்கிறது. நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்பட வேண்டுமென்றால், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது சுமார் 16 மில்லி நொடி. ஆய்வகத்தின் பதிலுக்காக அது அங்கேயே காத்து நின்றால் திரை உறைந்துவிடும். எனவே காத்திருக்கும் வேலையைப் பின்னணி இழையிடம் கொடுக்கிறார்கள். அது வேலையை முடித்ததும் திரையைத் தொடாமல், ஒரு செய்தியை வரிசையில் வைத்துவிட்டுப் போகும். சுழற்சி அதை எடுத்துத் திரையில் எழுதும். 2005-இல் வந்த க்யூட் 4, இழைகளுக்கிடையே இப்படிச் செய்தி அனுப்புவதை எளிதாக்கியது.

ஆனால் வரிசை மட்டும் போதாது. 7-ஆம் படுக்கைக்காரரின் பொட்டாசியம் அளவைக் கேட்கிறேன் என்று வையுங்கள். பதில் வருமுன் 9-ஆம் படுக்கைக்காரரின் பக்கத்தைத் திறந்துவிடுகிறேன். தாமதமாக வந்த எண் அந்தப் பக்கத்தில் விழுந்தால்? திரை உறையவில்லை, பிழைச்செய்தியும் இல்லை. எண் மட்டும் வேறொருவருடையது.

ஆகவே கேள்வியோடு நோயாளியின் அடையாள எண்ணும் போக வேண்டும். பதிலோடு அதுவே திரும்பி வர வேண்டும். எழுதுமுன் ஒப்பிட வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தப் பக்கத்தில் காட்டவே கூடாது. தினமும் பார்க்கும் நோயாளியிடமும் மருந்து கொடுக்குமுன் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிறோமே, அதேதான் இதுவும்.

உறைந்த திரையை எல்லோரும் திட்டுகிறோம். எனக்கு அதைவிடப் பயம், தடையில்லாமல் ஓடிக்கொண்டே தவறான பெயருக்குக் கீழே எண்ணைக் காட்டும் திரை. நிரல் எழுதும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வேகத்தைச் சோதியுங்கள், பதில் வருமுன் பக்கத்தை மாற்றியும் சோதியுங்கள்.