கோளரங்கமும் கிரக தோஷமும்
(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பெண்களும் குழந்தைகளும் இவ்வளவு பேர் வந்திருப்பதைக் காண எனக்கு மிக்க மகிழ்ச்சி. நான் பேசப் போகும் விஷயம் ஆண்பிள்ளைகள் மட்டும் கேட்டுவிட்டுத் திண்ணையோடு விட்டுப் போகக் கூடியதல்ல. நம் வீடுகளுக்குள் ஜோசியன் நுழைவதே பெரும்பாலும் கல்யாணப் பேச்சின் போதுதான். "பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம்" என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், வந்த வரன் எழுந்து போய்விடுகிறான். அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? அவள் பிறந்த வேளையில் ஆகாயத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எங்கேயோ இருந்தது. அதற்காக அவள் முப்பது வயது வரையில் வருகிறவர் போகிறவர் பரிதாபப்படும்படி உட்கார்ந்திருக்க வேண்டுமாம்!

அவர்கள் கணக்கையே எடுத்துக் கொள்வோம். ஜாதகத்தில் கட்டம் 12. லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கிறார்கள். அப்படியானால் பிறக்கிற பன்னிரண்டு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து குழந்தைகள் தோஷத்தோடுதானே பிறக்க வேண்டும்? சனி சூரியனைச் சுற்றிவர சுமார் 29½ வருஷம் ஆகிறது. பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டால் ராசிக்கு ஏறக்குறைய இரண்டரை வருஷம். மூன்று ராசிக்கு ஏழரை. இதுதான் அந்த ஏழரை நாட்டுச் சனி! எந்த நாளிலும் உலகத்தில் நாலில் ஒரு பங்கு ஜனங்களுக்கு ஏழரை நாட்டுச் சனி நடந்து கொண்டேயிருக்கிறது. இதில் லாட்டரி விழுந்தவனும் உண்டு, வீடு ஏலம் போனவனும் உண்டு.

நான் சொல்லுவதை நீங்கள் நம்ப வேண்டாம். நேரில் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்லுகிறேன். சென்னை கோட்டூர்புரத்தில், பெரியார் பெயரால் அமைந்த அறிவியல் தொழில்நுட்ப மையத்தில், 1988-ல் திறக்கப்பட்ட பிர்லா கோளரங்கம் இருக்கிறது. திருச்சியில் அண்ணா பெயரால் இன்னொன்று இருக்கிறது. வட்டமான மண்டபம், கவிழ்த்த கிண்ணம் போல் வெள்ளைக் கூரை. சாய்ந்து உட்கார்ந்தால் விளக்கு அணைகிறது. பிறகு பட்டணத்து வெளிச்சத்தில் நாம் காணவே முடியாத அத்தனை நட்சத்திரங்களும் தலைக்குமேல் வந்து நிற்கின்றன. குழந்தைகள் "ஆ!" என்று கத்துவார்கள், கத்தட்டும்.

இத்தகைய கருவியின் விசேஷம் என்னவென்றால், பல மாதத்து வானத்தைச் சில நிமிஷத்தில் ஓட்டிக் காட்டலாம். செவ்வாய் முன்னே போய், நின்று, பின்னே வந்து, மறுபடி முன்னே போவதைக் கண்ணால் காணலாம். பஞ்சாங்கக்காரர் இதைத்தான் "வக்கிரம்" என்று சொல்லிப் பயமுறுத்துகிறார். நாம் போகும் ரயில் பக்கத்துத் தண்டவாளத்துச் சரக்கு வண்டியைத் தாண்டும்போது, அது பின்னால் போவது போல் தோன்றவில்லையா? பூமி செவ்வாயைத் தாண்டிப் போகிறது, சங்கதி அவ்வளவுதான். ராகு, கேது எங்கே என்று தேடினால் அப்படிக் கிரகங்களே கிடையா. சந்திரனுடைய பாதை சூரியனுடைய பாதையை வெட்டும் இரண்டு இடங்களுக்கு வைத்த பெயர் அவை. கிரகணக் கணக்குப் போட்டவன் கெட்டிக்காரன் என்பதை நான் மறுக்கவில்லை. அந்தக் கணக்கின்மேல் பாம்பை ஏற்றிக் காசு வாங்கியவனைத்தான் கேட்கிறேன்.

இந்தப் பயம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல. ஹாலந்தில் பிரானெக்கர் என்று ஓர் ஊர். 1774 மே 8-ந் தேதி சந்திரனும் நான்கு கிரகங்களும் ஒன்றுகூடப் போவதால் பூமி நாசமாகுமென்று ஒரு பாதிரி பிரசுரம் போட்டார். ஜனங்கள் நடுங்கினார்கள். அவ்வூரில் ஐசே ஐசிங்கா என்ற கம்பளி சிக்கெடுக்கும் தொழிலாளி இருந்தார். சர்வகலாசாலை வாசற்படி மிதித்தவரல்ல. அவர் தன் வீட்டுக் கூடத்தின் கூரையிலேயே சூரியனையும் ஆறு கிரகங்களையும் அமைத்து, ஊசல் கடிகாரத்தோடு இணைத்து ஓடவிட்டார். வேலை முடிய 1781 ஆயிற்று. பத்து லட்சம் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று அளவு. அந்தப் பூமி ஒரு வருஷத்தில்தான் சுற்றும். அந்தச் சனிக்கு 29 வருஷத்திற்கு மேல் வேண்டும். அது இன்றும் ஓடுகிறது. வீடு காட்சிசாலையாகிவிட்டது, 2023-ல் உலகப் பாரம்பரியச் சின்னமென்றும் அறிவிக்கப்பட்டது. பாதிரியின் பிரசுரம் சொன்ன நாசம் மட்டும் வரவில்லை.

விளக்கொளியால் நட்சத்திரம் காட்டும் கருவி பின்னால் வந்தது. ஜெர்மனியில் மூனிச் காட்சிசாலைக்காக ஜெய்ஸ் கம்பெனியார் செய்த அது, 1925 மே 7 முதல் பொது ஜனங்களுக்குச் சுமார் 4,500 நட்சத்திரங்களைக் காட்டிற்று.

நம் சங்கதியோ? 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகம் ஒரே ராசியில் கூடுகிறதென்று, விஞ்ஞானிகள் சொல்லியும் கேளாமல், யாகத் தீயில் நெய்யைக் கொட்டினார்கள். உலகம் முழுகவில்லை, நெய்தான் போயிற்று. 2019 டிசம்பர் 26-ல் கோயமுத்தூர், திண்டுக்கல் பக்கம் சூரியன் வளையமாய்த் தெரிந்தது. அன்று கோவில்கள் கதவைச் சாத்திக் கொண்டன. ஆனால் தகுந்த கண்ணாடி வைத்துக் குழந்தைகளோடு பார்த்தவர்களும் ஏராளம். கர்ப்ப ஸ்திரீகளை மாத்திரம் இன்னமும் இருட்டறையில் பட்டினி போடும் வீடுகள் இருப்பது வெட்கக்கேடு.

கூரையில் பார்த்தது போதாது. கோளரங்கத்தார் இராக்காலத்தில் தொலைநோக்கி வைத்து நிஜ வானத்தைக் காட்டும் நாட்களும் உண்டு. மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. அதற்குப் பரிகாரமும் கிடையாது. சனியை அதில் பார்த்த பிள்ளை, ஒரு சிறு உருண்டையும் அதைச் சுற்றி வளையமும் கண்டுவிட்டு, மறுநாள் எள் விளக்கு ஏற்றச் சொல்லும் பாட்டியிடம் என்ன கேட்குமென்று யோசியுங்கள்.

இதற்கு ஆகும் செலவு, ஒரு தோஷ பரிகாரத்துக்குக் கொட்டி அழும் பணத்தில் சிறு பங்குகூட ஆகாது. கோடை விடுமுறையில் வாசகசாலையார் ஒரு வண்டி அமர்த்துவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காட்சி நேரத்தை முன்கூட்டி விசாரித்துக் கொள்ளட்டும். வண்டியில் இடம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலில்; ஜாதகம் பார்த்து வரன் தள்ளிப்போன பெண் எந்த வீட்டிலிருந்தாலும், அவளையும் அவளுடைய தகப்பனாரையும் கட்டாயம் அழைத்துப் போக வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகிறேன்.