கல்லீரலில் கட்டி என்றால் புற்றுநோய்தானா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். அடுத்து லிஃப்ட் பராமரிப்புக் கணக்கு இருக்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நம்மில் பலர் வருடத்துக்கு ஒருமுறை முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிறோம். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் சில நேரம் 'எஸ்.ஓ.எல்.' என்று மூன்று எழுத்து இருக்கும். கல்லீரலுக்குள் ஏதோ ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். புற்றுநோய் என்று பொருளில்லை. ஆனால் அன்றிரவே கைப்பேசியில் தேடிப் படித்துவிட்டு, வீடு முழுக்கத் தூக்கம் கெட்டுவிடுகிறது.

புற்றுநோய் ஸ்கேனில் எப்படித் தெரிகிறது என்று முதலில் பார்ப்போம். நம் குடியிருப்புக்கு மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் வருவது போல, கல்லீரலுக்கும் இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் செல்லில் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் தமனி ரத்தத்தை வைத்தே வளர்கிறது. அதனால் சாய மருந்து ஏற்றி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்தால், கட்டி முதலில் பளிச்சென்று தெரியும். சுற்றியுள்ள கல்லீரலுக்குச் சாயம் வந்து சேரும்போது கட்டி மங்கிவிடும்.

சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்கமோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ளவருக்கு இந்தப் படம் தெளிவாக இருந்தால், பயாப்ஸி இல்லாமலே புற்றுநோய் என்று முடிவு செய்யலாம். இந்த விதி அவர்களுக்கு மட்டுமே. கல்லீரல் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இதே படம் வந்தால், அவசரப்பட்டுப் பெயர் வைக்கக் கூடாது.

சாதாரணமாக வரும் சாதுவான கட்டிகள் மூன்று. முதலாவது ஹெமாஞ்சியோமா எனும் ரத்தக்குழாய்க் கட்டி. மிக அதிகமாகக் காணப்படுவது இதுதான். சாயம் ஓரத்தில் திட்டுத் திட்டாகத் தொடங்கி மெதுவாக உள்ளே நிறையும். இரண்டாவது எஃப்.என்.எச். பெண்களுக்கு அதிகம் வரும், நடுவில் ஒரு தழும்பு இருக்கலாம், புற்றுநோயாக மாறுவதில்லை. மூன்றாவது அடினோமா. கருத்தடை மாத்திரையை நீண்ட நாள் எடுக்கும் பெண்களுக்கும், ஜிம்முக்காக அனபாலிக் ஸ்டீராய்டு போடும் ஆண்களுக்கும் வரலாம். 5 செ.மீ.க்கு மேல் போனால் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. சில புற்றுநோயாகவும் மாறலாம். ஆண்களுக்கு வந்தால் அளவு எதுவானாலும் அகற்றச் சொல்வதே வழக்கம்.

குழப்பம் தருபவை அரிதானவை. ஆஞ்சியோமயோலிபோமா என்று ஒன்று. கொழுப்பு, தசை, ரத்தக்குழாய் மூன்றும் கலந்த கட்டி. கொழுப்பு நிறைய இருந்தால் எம்.ஆர்.ஐ.யில் அடையாளம் காணலாம். குறைவாக இருந்தால், சாயப் படம் அப்படியே புற்றுநோய் போல இருக்கும். அப்போது ஊசியால் சிறு துணுக்கு எடுத்து, எச்.எம்.பி.-45 என்ற சோதனை செய்வார்கள். இந்தக் கட்டியின் செல்கள் அதில் நிறம் காட்டும்; கல்லீரல் புற்றுநோய் செல்கள் காட்டாது. இன்னொன்று, அழற்சியால் வரும் போலிக்கட்டி. காய்ச்சல், எடை குறைவு எல்லாம் சேர்ந்து வந்து பயமுறுத்தும். ஆனால் சிலருக்கு மருந்திலேயே சுருங்கிவிடும். இவற்றைப் புற்றுநோய் என்று நினைத்து, கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகே உண்மை தெரிந்தவர்களும் உண்டு.

இதைக் கேட்டுவிட்டு, "எல்லாம் சாதுதான்" என்று ரிப்போர்ட்டை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். அது இன்னும் பெரிய ஆபத்து. ஏ.எஃப்.பி. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் புற்றுநோய் இருக்கலாம். ஹெபடைடிஸிலும் கர்ப்ப காலத்திலும் புற்றுநோய் இல்லாமலே அது கூடலாம். அந்த ஒரு எண்ணை வைத்து எந்த முடிவும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள், சொல்லுங்கள்:

1. எனக்கு சிரோசிஸ், ஹெபடைடிஸ் பி அல்லது சி இருக்கிறதா என்று பார்த்தாகிவிட்டதா?

2. சாய மருந்துடன் எல்லாக் கட்டங்களிலும் படம் எடுத்தார்களா? எம்.ஆர்.ஐ. தேவையா?

3. பயாப்ஸி தேவையா? ஹெமாஞ்சியோமா என்று தெளிவாகத் தெரிந்தால் தேவையில்லை, ரத்தக்கசிவு வரலாம். சந்தேகம் தீராவிட்டால், அறுவை சிகிச்சைக்கு முன் இதைக் கேட்பது உங்கள் உரிமை.

4. முன்பு குடலிலோ மார்பகத்திலோ வேறெங்காவதோ புற்றுநோய் வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

5. அறுவை சிகிச்சை என்று சொன்னால், கல்லீரல் நிபுணர், ரேடியாலஜிஸ்ட், நோய்க்குறியியல் மருத்துவர் மூவரும் சேர்ந்து பார்க்கும் இடத்தில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. வீடு மாறும்போதும் பழைய பேப்பர் போடும்போதும் பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஐந்து வருடத்துக்கு முன் அதே இடத்தில் அதே அளவில் கட்டி இருந்தது என்று காட்ட முடிந்தால், மருத்துவருக்கு அது பெரிய உதவி. டீ வந்துவிட்டது. கேள்வி இருப்பவர்கள் அங்கே கேட்கலாம்.