வயிற்றின் நடுவே இரண்டு விரல்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், அல்லைப்பிட்டியில் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டபோது நீரிழிவு, இரத்த அழுத்தம் என்ற வழமையான தலைப்புகளே நினைவுக்கு வந்தன. ஆனால் இங்கே இருப்பவர்களில் பெரும்பாலானோர் தாய்மார். நாங்கள் ஒருவருக்கொருவர் மறைக்கிற ஒரு விடயத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினேன். பிள்ளை பெற்ற பிறகு உள்ளே போகாத வயிறுதான் அது.

முதலில் என் கதை. இரண்டாவது பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். ஒரு கலியாண வீட்டில் என்னோடு படித்த ஒருத்தி என் வயிற்றைப் பார்த்து, "என்னடி, அடுத்ததும் வந்திட்டுதோ?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மல்லாந்து படுத்து எழும்புகிற பயிற்சியை நாளுக்கு ஐம்பது தடவை செய்யத் தொடங்கினேன். இரண்டு கிழமையாகியும் வயிறு வற்றவில்லை. நாரி நோ கூடியது. இருமினால் சிறுநீர் கசிந்தது. வைத்தியராகிய நானே வெட்கத்தில் என் வயிற்றைக் கைவைத்துப் பார்க்கவில்லை. பார்த்தபோது தொப்புளுக்கு மேலே மூன்று விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது.

நெஞ்செலும்பின் அடியிலிருந்து இடுப்பெலும்பு வரை, வயிற்றின் முன்புறத்தில் இரண்டு நீளமான தசைகள் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. அவற்றை நடுவில் இணைப்பது வெண்ணிறமான நார்த்திசு. பிள்ளை வளர வளர அந்த நடு இணைப்பு இழுபட்டு, அகன்று, மெலிந்துபோகிறது. உடுப்பில் தையல் இழுபட்டுப்போவதைப் போன்றது இது, துணி கிழிந்ததல்ல. மருத்துவத்தில் இதை டயஸ்டேசிஸ் ரெக்டை என்பார்கள்.

நோர்வேயில் முதற் பிள்ளை பெற்ற 300 தாய்மாரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிரசவமாகி ஆறாவது கிழமையில் 100 பேரில் 60 பேருக்கு இந்த இடைவெளி இருந்தது. ஆறு மாதத்தில் 45 பேருக்கும், ஒரு வருடம் கழித்தும் ஏறக்குறைய 33 பேருக்கும் இருந்தது. ஆகவே இது சோம்பலின் அடையாளமும் அல்ல, சாப்பாட்டின் குற்றமும் அல்ல.

இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். முழங்காலை மடித்து, பாதங்களை நிலத்தில் ஊன்றி, மல்லாந்து படுங்கள். விரல் நுனிகளைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வையுங்கள். தலையையும் தோளையும் மட்டும் மெல்ல உயர்த்துங்கள். இரண்டு தசைகளும் விரல்களின் இரு பக்கமும் இறுகுவது தெரியும். நடுவில் எத்தனை விரல் இறங்குகிறது என்று பாருங்கள். தொப்புளிலும் அதற்குக் கீழேயும் அப்படியே பாருங்கள். எட்டுக் கிழமை கடந்தும் இரண்டு விரலுக்கு மேல் இறங்கினால், அல்லது தலையை உயர்த்தும்போது நடு வயிறு கூரை முகடுபோல எழும்பினால், வைத்தியரிடம் காட்டுங்கள். உள்ளே தள்ள முடியாத, நோகிற கட்டி தெரிந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இனிப் பயிற்சி. முதற் சில நாட்களிலேயே தொடங்கக்கூடியது மூச்சுப் பயிற்சி. மூச்சை ஆழமாக இழுங்கள். மெல்ல வெளியே விடும்போது, சிறுநீரை அடக்குவதுபோல இடுப்பின் அடித்தளத் தசைகளை மேலே இழுத்து, அடிவயிற்றை முதுகெலும்புப் பக்கம் மெதுவாக உள்ளிழுங்கள். சில விநாடி வைத்திருந்து விடுங்கள். பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை. அது பழகியபின், மல்லாந்து படுத்தபடி ஒரு குதிக்காலை நிலத்தில் உரசி நீட்டி மடக்குங்கள். பிறகு மற்றக் காலை. கூடவே முற்றத்தில் நடை. ஐந்து நிமிடத்தில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

படுத்து எழும்புகிற பயிற்சியும், முழங்கையை ஊன்றி உடம்பைப் பலகைபோலப் பிடிக்கிற பயிற்சியும் இப்போது வேண்டாம். எந்தப் பயிற்சியிலும் வயிற்றில் முகடு எழும்பினால் அது உங்களுக்கு இன்னும் காலமாகாத பயிற்சி. படுக்கையை விட்டு எழும்பும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழும்புங்கள். மலச்சிக்கலை வளர விடாதீர்கள்; முக்குவதும் அதே தையலைத்தான் இழுக்கும். சிசேரியன் செய்தவர்கள் ஆறு கிழமை வரை பிள்ளையைவிடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது. உதிரப்போக்குக் கூடினாலோ தலை சுற்றினாலோ பயிற்சியை நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள்.

எங்கள் அம்மம்மாமார் வேது வார்த்தார்கள், சரக்கு அரைத்தார்கள், பழஞ் சேலையால் வயிற்றைக் கட்டினார்கள். அளவாகக் கட்டினால் நடக்கும்போது தாங்கலாக இருக்கும். ஆனால் துணி தசைக்குப் பலம் தராது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் கீழே இறங்கி அடித்தளத் தசைகளின் மேல் விழும்.

அவர்கள் செய்த பெரிய வைத்தியம் வேறொன்று. முப்பத்தொரு நாள் அவளைக் கிணற்றடிக்கு விடவில்லை. துடக்கு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அவளுக்குக் கிடைத்ததோ ஓய்வு. இன்று துடக்குக் கழிக்கிறோம், ஓய்வைக் கொடுப்பதில்லை. எங்கள் தீவுப் பகுதியில் பல கிணறுகள் உவர். குடிக்க நல்ல தண்ணீர் வேறிடத்திலிருந்து வரவேண்டும். இருபது லீற்றர்க் கான் ஒன்று இருபது கிலோ. தாய் கனடாவில், புருஷன் கட்டாரில் என்று தனித்திருக்கிற பெண்ணுக்கு அந்தக் கானை யார் தூக்கிக் கொடுப்பது? பாரிஸில் மாடிப்படியில் பிள்ளையையும் கடைச் சாமானையும் சுமந்து ஏறுகிற எங்கள் பிள்ளைகளின் நிலையும் இதுதான்.

உதவி இருக்கிறது, கேட்கவேண்டும். இங்கே வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் வயிற்றைப் பற்றியும் கசிவைப் பற்றியும் வாய் திறந்து சொல்லுங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது. பிரான்சில் இருப்பவர்கள், அடித்தளத் தசைப் பயிற்சி அமர்வுகளைக் காப்புறுதிச் செலவிலேயே பெறலாம். வைத்தியரிடம் சீட்டுக் கேளுங்கள்.

எனக்கு எட்டு மாதம் எடுத்தது. இடைவெளி முழுவதும் மூடவில்லை, ஒன்றரை விரல் இன்னும் இருக்கிறது. ஆனால் நாரி நோவும் இல்லை, கசிவும் இல்லை. பிள்ளை பெற்று இருபது வருடமான அக்காமாரும் இன்றைக்கே மூச்சுப் பயிற்சியைத் தொடங்கலாம். தசைகள் எந்த வயதிலும் பலம் பெறும்.

இளம் தாய் ஒருத்தியை இனிக் காணும்போது, "வயிறு இன்னும் வத்தேல்லையோ?" என்று கேட்காதீர்கள். அவள் கையிலிருக்கும் தண்ணீர்க் கானை வாங்குங்கள்.