மூளைக்குள் நிதானம் தரும் உப்பு
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஐதரசன், ஈலியம், இலிதியம் என்று விஞ்ஞான வகுப்பில் மனனம் செய்தோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். அந்த மூன்றாவது பெயரைக் குருவிட்டத் தோட்டங்களில் உள்ள நாம் மறுபடி நினைவில் கொள்ள வேண்டும்.

லயத்தில் ஒருத்தி இரவிரவாகத் தூங்காமல் பேசுவாள், பாடுவாள், கைக்காசையெல்லாம் செலவழிப்பாள். சில மாதங்களில் எழுந்திருக்கவும் மனமின்றிக் கிடப்பாள். பேய் பிடித்தது என்று கோடாங்கியிடம் ஓடுகிறோம். அது இருமுனை உளநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு.

1949இல் அவுஸ்திரேலிய மருத்துவர் ஜோன் கேட், மிதமிஞ்சிய எழுச்சியில் இருந்த 10 நோயாளருக்கு இலிதியம் கொடுத்துப் பார்த்ததை எழுதினார். இன்றும் அதுவே முதன்மையான மருந்துகளில் ஒன்று; தற்கொலை அபாயத்தையும் குறைக்கிறது.

இது வெறும் தூக்க மருந்தல்ல. நரம்புக் கலத்துக்குள் செய்தியைக் கடத்த இனோசிற்றோல் என்ற பொருள் வேண்டும். அதை மீண்டும் உருவாக்கும் நொதியத்தை இலிதியம் தடுக்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்யும் கலங்களின் வேகம் இதனால் தணிகிறது என்பது ஒரு விளக்கம். ஜீ.எஸ்.கே.-3 என்ற வேறொரு நொதியத்தையும் அது அடக்குகிறது. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும்.

நம்மவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. இலிதியம், சோடியத்தின் உறவுக்காரி. வெயிலில் கொழுந்து பறித்து வியர்த்தாலோ, வயிற்றோட்டம் வந்தாலோ உடலில் உப்பும் நீரும் குறையும். உடனே சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்கும். கூடவே இலிதியத்தையும் பிடித்துவைக்கும். இரத்தத்தில் லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது, 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகலாம். கை பலமாக நடுங்கினால், வாந்தி வந்தால், நாக்குக் குழறினால், நடை தள்ளாடினால் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஐபுப்ரோபன், டைக்ளோபெனாக் போன்ற நோவு மாத்திரைகளும் இந்த அளவைக் கூட்டும்.

ஆகவே தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பைத் திடீரெனக் குறைக்கவோ கூட்டவோ கூடாது. இரத்தம், சிறுநீரகம், தைரொயிட் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. கருத்தரிக்க விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். சுகமாகிவிட்டது என்று மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் நோய் மறுபடி வரும் ஆபத்து அதிகம்.

கிளினிக் நாளில் அரை நாள் சம்பளம் போகிறதே என்று தயங்குகிறவளுடன் நம்மில் ஒருத்தி இரத்தினபுரிக்குத் துணையாகப் போனால் போதும், பரிசோதனை தவறாது. அவசரத்துக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எழுத்தறிவு தந்த பாடசாலைக்கு நாம் செலுத்தும் நன்றி இதுவாகட்டும்.