ஆண்டிறுதியில் ஓர் உடற்கணக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழாவென்றால் ஆடலும் பாடலும் நாடகமும் உண்டு. அவற்றினிடையே நம் செயலாளர் அறிக்கை வாசிப்பார். பொருளாளர் வரவு செலவுக் கணக்கை எடுத்துரைப்பார். எவ்வளவு வந்தது, எவ்வளவு போயிற்று, கையிருப்பு யாது என்பதை ஒரு ரூபாயும் பிசகாமல் நாம் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். இரயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் நம் போன்றோர்க்குக் கணக்கு முடிப்பது அன்றாடத் தொழில். ஆனால், நாற்பது ஐம்பது ஆண்டுகளாக ஒரு நாளும் விடுப்பின்றி உழைத்துவரும் இவ்வுடம்பிற்கு ஆண்டுக்கொரு முறையேனும் கணக்குப் பார்க்கிறோமா? அதைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு பேனா பிடித்தவர்கள். ஆகவே மருத்துவம் பேசப் போவதில்லை. கணக்கே பேசப் போகிறோம்.

வங்காள நாகபுரி இரயில்வேயின் காலந்தொட்டே நம்மவர் பிழைப்பை நாடி இந்தக் கரக்பூருக்கு வந்து குடியேறினர். இங்கே வண்டியோட்டும் அன்பர்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுடைய கண், காது, இதயம் எல்லாவற்றையும் குறித்த காலந்தோறும் இரயில்வே மருத்துவர்கள் சோதிக்கின்றனர். வயது ஏற ஏற அந்த இடைவெளி குறைகிறது. தேறாதவர் எஞ்சினில் ஏற இயலாது. பல்லாயிரம் பயணிகளின் உயிர் அவர்கள் கையில் இருப்பதால் இவ்விதி ஏற்பட்டது. நாற்காலியில் அமர்ந்து எழுதும் நமக்கு அவ்விதி இல்லை. பணியில் சேர்ந்த நாளில் சோதித்தார்கள். தகுதியுடையோம் என்று சான்றும் தந்தார்கள். அந்தச் சான்று இருபது ஆண்டுகளுக்கு முந்தியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நம்மை அழைப்பார் இல்லை. நாமே நம்மை அழைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

“நமக்கென்ன, நோயொன்றும் இல்லையே!” என்று சிலர் கேட்கலாம். நம் காலனியில் நண்பர் ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டா. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. நாற்பத்தாறாம் வயதில் செருப்புக் கடித்துக் காலில் ஒரு சிறு புண் உண்டாயிற்று. வலி இல்லை, ஆகவே கவலையும் இல்லை. புண் ஆறாமற்போகவே மருத்துவரிடம் சென்றார். சர்க்கரை நோய் பல ஆண்டுகளாகவே அவருடன் குடியிருந்தது அன்றுதான் வெளிப்பட்டது. ஒரு விரலை எடுத்த பிறகே காலைக் காப்பாற்ற முடிந்தது. வலி இல்லாதது நலத்தின் அடையாளமன்று. நரம்பு மரத்துப் போனமையால் வலி தெரியவில்லை என்று மருத்துவர் விளக்கினார். இதைச் சபையில் கூறுமாறு நம்மைக் கேட்டுக்கொண்டவரும் அந்நண்பரே.

உட்கார்ந்து செய்யும் தொழிலுக்கும் இதயத்திற்கும் உள்ள உறவை முதன்முதல் தெளிவாகக் காட்டியது நம்மைப் போன்ற போக்குவரத்து ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சியே. 1953-ஆம் ஆண்டில் ஜெரி மாரிஸ் என்னும் அறிஞர் இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்தார். நாள் முழுதும் படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநரைவிட, அமர்ந்தே வண்டி ஓட்டிய ஓட்டுநரை இதய நோய் மிகுதியாகத் தாக்கியது. நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கும் அமர்ந்து எழுதும் எழுத்தருக்கும் இடையிலும் அவ்வாறே வேறுபாடு காணப்பட்டது. பின்னர் 1956-இல் அவர்களுடைய சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தபோது, ஓட்டுநரின் இடுப்புச் சுற்றளவே பெரிதாயிருந்தது.

நம் நாட்டு இரயில்வே ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சியும் உண்டு. மல்கோத்ரா என்னும் இரயில்வே மருத்துவர் 1967-இல் வெளியிட்ட கட்டுரையில், வடநாட்டு ஊழியரைவிடத் தென்னாட்டு ஊழியரிடையே இதய நோய் மரணம் பன்மடங்கு மிகுதி என்று கண்டார். காரணம் யாது என்பதில் அறிஞர்கள் வேறுபடலாம். எச்சரிக்கை நமக்கென்பதில் ஐயமில்லை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு, நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாயிலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. அவ்வாயிலில் நிற்பவர் உணவாலும் நடையாலும் திரும்பி வர வழியுண்டு. ஆனால் தாம் அங்கே நிற்பதை முதலில் அறிய வேண்டுமன்றோ?

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் ஆண்டு முடிவில் ஐந்து இனங்கொண்ட ஓர் ஐந்தொகை எழுத வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.

முதலாவது, இடுப்பளவு. தையற்காரரின் நாடா போதும், செலவு இல்லை. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. சட்டையை உள்ளிழுத்துக்கொண்டு அளப்பது கணக்கைத் திருத்துவதற்கு ஒப்பாகும்!

இரண்டாவது, இரத்த அழுத்தம். 140-க்கு 90 என்னும் அளவை அடுத்தடுத்த நாட்களிலும் தொட்டாலோ தாண்டினாலோ மருத்துவரைக் காணவேண்டும். நாளொன்றுக்கு உப்பு ஒரு தேக்கரண்டியளவாகிய 5 கிராமுக்குள் இருத்தல் நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் உள்ள உப்பையும் அக்கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, சர்க்கரை. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 முதல் 125 வரை இருப்பின் அது எச்சரிக்கை. 126-ம் அதற்கு மேலும் மறுபடி காணப்பட்டால் நோய். தீபாவளி பலகாரத்தில் தொடங்கி, மார்கழிக் குளிரில் இவ்வூர்க் கடைகளில் மணக்கும் ஈச்ச வெல்லத்து சந்தேஷ் வழியாகப் பொங்கல் வரையில் நம் நாவிற்கு ஓய்வில்லை. உண்ண வேண்டாமென்று யார் சொல்வார்? இரண்டு எடுக்கும் கை ஒன்றோடு நிற்கட்டும். சோறு குறைந்து காயும் பருப்பும் கூடட்டும். பாகற்காய்ச் சாற்றை நம்பி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவது மட்டும் வேண்டா.

நான்காவது, நடை. வாரத்திற்கு 150 நிமிட நடை வேண்டுமென்பர். நாளைக்கு அரைமணி வீதம் ஐந்து நாள். நம் ஊர் நிலையத்தின் நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது என்று வருவோரிடமெல்லாம் பெருமை பேசுகிறோம். அத்தூரத்தைப் போய்வர நடந்தாலே இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆயிற்று. காரியாலயத்திற்கும் கடைத்தெருவிற்கும் மோட்டார் சைக்கிளை விட்டுக் காலை நம்பலாகாதா?

ஐந்தாவது, மிகவும் இன்றியமையாதது, இல்லத்தரசியின் கணக்கு. வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்பவர் அவர். களைப்பென்றால் வேலை மிகுதி என்றும், மூச்சு வாங்கினால் வயது என்றும் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வார். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவராகக் காணப்பட்டனர். பெண்களுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது. நம் மருத்துவ அட்டையில் மனைவியின் பெயரும் இருக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனைக்கு ஓடும் அத்தாய், தமக்கென்று அந்த அட்டையை எத்தனை முறை எடுத்திருக்கிறார்? அதைக் கேட்க வேண்டியவர்கள் ஆடவராகிய நாமே.

அன்பர்களே! சோதித்தால் நோய் வந்துவிடும் என்று அஞ்சுவோர் பலர். தணிக்கை செய்வதால் பற்றாக்குறை உண்டாவதில்லை; முன்னரே உள்ள பற்றாக்குறை வெளிப்படுகிறது, அவ்வளவே. திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரம் மருந்தைப் பற்றியது. அங்கேயும் வள்ளுவர் முன்னுண்டது செரித்ததா என்று அறிந்து உண்பதையே வற்புறுத்துகிறார். அறிந்து நடப்பதே பாதி மருந்து.

ஊரில் இருப்போர்க்கு அண்ணன் தம்பியும் மாமன் மச்சானும் அடுத்த தெருவில் உண்டு. இங்கே ஒருவர் படுத்துவிட்டால், கோரமண்டல் வண்டியேறி உறவினர் வந்துசேர ஒரு முழு நாள் ஆகிறது. குடியிருக்கும் குவார்ட்டர்ஸோ பதவியைச் சேர்ந்தது. பதவியிலிருப்பவர் மறைந்தால் சில காலத்தில் சாவியை ஒப்படைக்க வேண்டும். பாதியில் நிற்கும் பிள்ளைகளின் படிப்பும், ஊரில் கட்டி முடியாத வீடும், முதிர்ந்த பெற்றோரும் இவ்வொரு உடம்பையே நம்பியிருப்பதை நாம் மறக்கலாகாது. வண்டியோட்டுபவரின் பின்னே பயணிகள் இருப்பதுபோல் நம் ஒவ்வொருவர் பின்னும் ஒரு குடும்பம் அமர்ந்திருக்கிறது.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் மன்றத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்தல் வேண்டும். நம்மிடையே செவிலியராகப் பணிபுரியும் சகோதரிகள் உதவ முன்வருவர் என்று நம்புகிறோம். அன்று எழுதும் ஐந்து எண்களை ஒரு குறிப்பேட்டில் பதிந்து, மறு ஆண்டு எண்களை அதனருகே எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். பொருளாளரின் கணக்கில் பற்று விழுந்தால் அடுத்த ஆண்டு சந்தாவைக் கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். இந்தக் கணக்கிற்கு அவ்வசதி இல்லை.

அனைவரும் நலமுற்று நீடு வாழ்க!